திருப்பி வைக்காத கடிகாரம்

அத்தியாயம் 17

ஹேசலுக்கு விடிந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. காய்ந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். டீ போட்டுக் குடிக்க மறந்து, இன்னொரு டீ போட்டாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

நடக்க மாட்டாளா பின்னே? போன வியாழக்கிழமை எட்வின் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அப்படி.

"ஞாயித்துக்கிழமை நான் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பறேன், ஹேசல். ஒரு தீவுல வருஷம் பூரா வேலை கெடச்சிருக்கு, வீடும் குடுக்கறாங்க. மூணு மணி வரைக்கும் மலையடிவாரத்து டீக்கடையில உக்காந்திருப்பேன். நீ வந்தா சேர்ந்து போவோம். வரலேன்னா ஒண்ணும் கேக்க மாட்டேன். ரெண்டு வருஷமா கேட்டாச்சு."

அந்த அதிர்ச்சியோடு வீடு திரும்பியபோதுதான் அவளுடைய கைபேசி நழுவி, சைடர் என்கிற ஆப்பிள் மதுவுக்காக நசுக்கி வைத்திருந்த ஆப்பிள் கூழ்த் தொட்டிக்குள் விழுந்தது. மூன்று நாளாக அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள். இன்னும் உயிர் வரவில்லை.

எட்வின், செடிகளை வளைத்து உயிர்வேலி பின்னுகிறவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், ஹேசலின் ப்ரோபர்ட் குடும்பத்து வீட்டு வேலியைச் சீர் செய்ய வந்தார். ஐந்து நாள் வேலையைப் பன்னிரண்டு நாள் செய்தார். அதற்கு வேலி காரணம் இல்லை என்பது அவருக்கும் தெரியும், ஹேசலுக்கும் தெரியும். கைபேசியை அணைத்து வண்டி இழுப்பறையில் போட்டுவிட்டு, தன் அப்பா விட்டுப்போன கைக்கடிகாரத்துக்கு தினமும் சாவி கொடுத்துக் கட்டிக்கொள்கிற மனிதர். அந்தக் கடிகாரம் சொல்வதுதான் அவருக்கு நேரம்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும், தன் அப்பா புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கிளப்புக்குப் போன பிறகு, ஹேசல் மலையடிவாரத்துக்குப் போவாள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் எட்வின் கேட்பார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள் சொல்வது ஒன்றுதான்.

"அப்பாவ விட்டுட்டு எப்படி வர்றது? அவருக்கு ஒரு முட்டை அவிக்கத் தெரியாது."

பொய்யில்லை. அம்மா போன பிறகு வொர்ஸ்டர் நகரத்து வேலையை உதறிவிட்டு அவள் ஹெர்ஃபர்ட்ஷயருக்குத் திரும்பி வந்ததே அதற்குத்தான். எழுபத்திரண்டு வயது அப்பா நார்மன் ப்ரோபர்ட், அடுப்புப் பக்கம் போனால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டிவரும் என்கிற நிலையில் இருந்தார். இரண்டரை வருஷமாக இன்னும் அப்படியேதான் இருக்கிறார். நேற்றுகூட ரொட்டியைக் கரியாக்கிவிட்டு, "எனக்கு எங்கேம்மா இதெல்லாம் வருது" என்றார்.

ஆகவே ஹேசல் முடிவு செய்துவிட்டாள். போவதில்லை. முடிவு செய்தவளுக்கு ஏன் இந்தப் பதைப்பு?

இன்றைக்கென்று பார்த்து அக்டோபர் கடைசி ஞாயிறு. கோடைகால நேரம் முடிந்து, விடிவதற்குள் நாட்டிலுள்ள கடிகாரமெல்லாம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போக வேண்டிய நாள். இனாமாகக் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து வீணாக்கக் கூடாது என்பது ப்ரோபர்ட் குடும்பத்துச் சட்டம். மழையோ சேறோ, எல்லாரும் எங்காவது போயே ஆக வேண்டும். ஒரு வருஷம் நீராவி ரயில். ஒரு வருஷம் மான்கள் முட்டிக்கொள்வதைப் பார்க்கப் போய் ஒரு மானையும் பார்க்காமல் வந்தார்கள். ஒரு வருஷம் மக்காச்சோளக் காட்டில் வெட்டி வைத்திருந்த சுற்றுப்பாதைக்குள் நுழைந்து, தம்பி கீத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது.

இந்த வருஷம் பர்காட் மாளிகையில் ஆப்பிள் திருவிழா.

"நான் கிளப்காரங்களோட பஸ்ஸுல முன்னாடியே போயிடறேன். பதினோரு மணிக்கு அங்க வந்துடு, கீத்தும் வந்துடுவான்" என்று நேற்று சாப்பாட்டு மேசையில் சொன்னார் நார்மன். "நம்ம மரத்து ஆப்பிள் நாலு கொண்டு வா. இப்பவாவது அதுக்குப் பேரு தெரியுதான்னு பாப்போம். கடிகாரத்தையெல்லாம் நான் திருப்பி வச்சுடறேன்."

சமையலறைக் கடிகாரம் பத்தேகால் காட்டியபோது ஹேசல் புறப்பட்டாள். காரில் ஏறினால் அதுவும் பத்தேகால் என்றது.

அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தக் காரின் கடிகாரம், வாங்கிய நாளிலிருந்து கோடைகால நேரத்தையே காட்டிக்கொண்டிருப்பது. எந்தப் பொத்தானை அழுத்தினால் மாறும் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது. வருஷத்தில் பாதி நாள் சரியாக ஓடும்; மீதிப் பாதிக்கு மனசுக்குள் ஒரு மணியைக் கழித்துக்கொள்ள வேண்டும். இன்று வீட்டுக் கடிகாரமும் கார் கடிகாரமும் ஒரே பேச்சுப் பேசினால் என்ன அர்த்தம்? வீட்டுக் கடிகாரத்தை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஆனால் மனசு மலையடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் மண்டையில் எது உறைக்கும்?

*

பர்காட் மாளிகையின் மைதானத்தில் ஒரு கார்கூட இல்லை. மஞ்சள் மேலங்கி போட்ட பெரியவர் ஒருவர் ஈரப் புல்லில் சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"பதினோரு மணிக்குத்தாம்மா திறப்பாங்க."

"பதினொண்ணு ஆகப்போகுதே."

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"பத்தே இன்னும் ஆகல. வீட்டுல கடிகாரத்தத் திருப்பி வைக்கலையா? கவலப்படாதீங்க, இன்னிக்கு நீங்க மூணாவது ஆளு. இந்த மாளிகைக் கடிகாரத்துக்கெல்லாம் சாவி குடுக்க வர்றவரே ஒரு மணி நேரம் முன்னாடி வந்து நின்னார்."

ஹேசலுக்கு முகம் சுட்டது. தூறல் வேறு பிடித்துக்கொண்டது. பெயரைக் கேட்டார், சொன்னாள்.

"ப்ரோபர்ட்டா? நம்ம நார்மன் பொண்ணா? எதுக்கு மழையில நிக்கறீங்க, பின்பக்கமா போங்க. குதிரை லாயத்துக்குப் பக்கத்துல சமையக்கட்டு. அப்பா காலைலயே வந்துட்டார்."

நம்ம நார்மனா? அப்பா இந்த மாளிகைக்கு எப்போதோ ஒரு தடவை வருவாரே, அதுவும் புலம்பிக்கொண்டு. இவருக்கு எப்படி நம்ம நார்மன் ஆனார்? கிளப் பஸ் என்றாரே, அது எங்கே?

ஆப்பிள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகப் போனாள். லாயத்தைத் தாண்டியதும் பன்றி இறைச்சி பொரிகிற வாசனை. மேல்பாதி திறந்திருந்த கதவுக்கு அருகில் போய் எட்டிப் பார்த்தாள்.

நார்மன் ப்ரோபர்ட் இடுப்பில் கோடு போட்ட துணியைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றார். பெரிய தட்டையான சட்டியில் நான்கு முட்டைகள். ஒரு கையால் ஐந்தாவது முட்டையை உடைத்து விட்டார். கரண்டியால் எண்ணெயை அள்ளி மஞ்சள் கருவின் மேல் நாசூக்காகத் தெளித்தார். வாய் ஏதோ மெட்டை விசிலடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மஞ்சள் கருவும் உடையவில்லை.

மேசை ஓரத்தில் ஒரு பெண்மணி உட்கார்ந்து, கூடை நிறையக் காய்ந்த முள்பூக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். மாளிகையில் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிற ஊர்க்காரர்கள் குத்திக்கொள்ளும் அட்டையில் 'கிளெனிஸ்' என்று எழுதியிருந்தது.

"இன்னிக்காவது பொண்ணுகிட்ட சொல்லப்போறீங்களா, இல்ல அடுத்த வருஷ ஆப்பிளும் பழுக்கணுமா?"

"எப்படிச் சொல்றது கிளெனிஸ்? எனக்காக வேலைய விட்டுட்டு வந்தவ. 'எனக்கு ஒருத்தி கெடச்சுட்டா, நீ கெளம்பு'ன்னா சொல்ல முடியும்?"

"அதுக்காக முட்டை அவிக்கத் தெரியாத மாதிரி நடிக்கணுமா?"

"ஆரம்பத்துல நெஜமாவே தெரியாது. இங்க வியாழக்கிழமை வியாழக்கிழமை வந்துதானே கத்துக்கிட்டேன். நேத்து ரொட்டியக் கருக்கறதுக்கு எவ்வளவு நேரம் நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா?" நார்மன் முட்டைகளைத் தட்டுக்கு மாற்றினார். "எனக்குச் சமைக்கறதுல அவளுக்கு ஒரு பிடிப்பு. அதையும் புடுங்கிட்டா பாவம், அவளுக்கு வேற யாரு இருக்கா?"

ஹேசல் கதவிலிருந்து விலகினாள். பையிலிருந்து ஒரு ஆப்பிள் உருண்டு கல் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இரண்டு வருஷமாகக் காலைக் கட்டியிருந்த கயிறு அறுந்து விழுந்திருக்கிறது. ஆனால் அவளுக்கு வந்தது அழுகையும் ஆத்திரமும்தான். அவள் யாரைத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்தாளோ, அந்த ஆள் அவளைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் பாவம் பார்த்து.

*

அந்த ஒரு மணி நேரம் அவள் மாளிகைக்குள் சுற்றினாள். ஓவியம் தொங்கும் நீண்ட கூடத்தில் போனாள், வந்தாள். சுவரோரம் முழுக்க நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு காய்ந்த முள்பூ. உட்காராதே என்று வாயால் சொல்லாமல் சொல்கிற ஏற்பாடு. ஊரிலுள்ள நாற்காலியெல்லாம் அங்கே இருந்தது, ஒன்றிலும் உட்கார முடியாது.

பதினோரு மணிக்குக் கூட்டம் வந்தது. சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ், குளிருக்குக் கம்பளித் தொப்பி, ஆளுக்கொரு நாய். களஞ்சியத்தில் காகிதத் தட்டுகளில் நூறு ரக ஆப்பிள்கள், தட்டுக்குத் தட்டு பெயர்ச்சீட்டு. ஒரு மூலையில் பெயர் சொல்லும் மேசை. தோட்டத்தில் பெயர் தெரியாத மரம் வைத்திருப்பவர்கள் பழத்தோடு வந்து வரிசையில் நின்றால், கண்ணாடி போட்ட நிபுணர் குறுக்கே வெட்டிப் பார்த்து இன்ன ஜாதி என்று சொல்வார்.

டயர் கடை வைத்திருக்கிற தம்பி கீத், கையில் சூடான சைடரோடு வரிசையில் இடம் பிடித்திருந்தான்.

"என்ன ஹேசல், பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அவள் பதில் சொல்வதற்குள் நார்மன் வந்து சேர்ந்தார். இடுப்புத் துணியைக் காணோம். கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டு, களைத்த கிழவராக வந்தார்.

"இப்பத்தான் எறங்கினேன். அந்த பஸ்ஸு இருக்கே, நத்தை தேவலாம்."

"சட்டைக் கையில மஞ்சக்கரு ஒட்டியிருக்கு" என்றாள் ஹேசல்.

நார்மன் கையைப் பார்த்தார்.

"ஒரே நேரத்துல அஞ்சு முட்டை போடறீங்க. ஒண்ணுகூட உடையல. நான் போட்டா ரெண்டாவது உடைஞ்சுரும்."

வரிசை ஓரடி நகர்ந்தது. மூவரும் ஓரடி நகர்ந்தார்கள். குடும்பமே குலைந்தாலும் நின்ற வரிசையை விட்டு விலகிப் போய்ச் சண்டை போட இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் மனம் வராது. பக்கத்து ஆளுக்குக் கேட்காதபடி, உதட்டைக்கூட அசைக்காமல், பல்லுக்கு நடுவிலேயே முழுச் சண்டையையும் முடித்துவிடுவார்கள்.

"எப்போ வந்தே?" என்றார் நார்மன் மெதுவாக.

"கடிகாரத்தத் திருப்பி வைக்கறேன்னு சொன்னது யாரு?"

"ஐயோ. மறந்துட்டேன்."

"மனசு இங்கயே இருந்தா மறக்காம என்ன செய்யும். வியாழக்கிழமை பந்துருட்டறது இங்கதானா?"

கீத் சைடர் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டான். ஹேசல் அவன் பக்கம் திரும்பினாள்.

"டேய். உனக்குத் தெரியுமா?"

"ஈஸ்டர்லேந்து தெரியும். ஊருக்கே தெரியும்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சோம்" என்றான் கீத். "அப்பாவப் பாத்துக்கறது உனக்குப் பிடிச்சிருக்குன்னு."

வரிசை மறுபடி நகர்ந்தது. பின்னால் நின்ற பெண்மணி தன் நாயின் காதுகளை மிக அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"எனக்கு யாரும் இல்லேன்னு சொன்னீங்களே அப்பா, அவகிட்ட. பாவம்னீங்க. எனக்கும் ஒருத்தர் இருக்கார். ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கார். அப்பாவுக்கு முட்டை அவிக்கத் தெரியாதுன்னு சொல்லி, நான் வேண்டாம் வேண்டாம்னுட்டேன்."

நார்மன் அவள் பக்கம் குனிந்தார்.

"யாரு?"

"நம்ம வேலியப் பின்ன வந்தாரே."

"எட்வினா?" நார்மன் யோசித்தார். "வேலி நல்லாத்தான் கட்டினான். ஒரு ஆட்டுக்குட்டி நொழைய முடியல."

"இன்னிக்கு மூணு மணிக்கு ஸ்காட்லாந்து போறார். கூட வர்றியான்னு கேட்டார்."

"அப்ப இங்க எதுக்கு நிக்கறே? போம்மா."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எந்த வார்த்தையை எந்த நேரத்தில் சொல்லக் கூடாதோ, அந்த வார்த்தையை அந்த நேரத்தில் சொல்வதில் அவர் கைதேர்ந்தவர்.

"என்னைக் கெளப்பிவிட அவ்வளவு அவசரமா?" என்றாள் ஹேசல். "நான் போகல. எங்கயும் போகல."

"அடுத்தவங்க வாங்க" என்றார் மேசையிலிருந்த நிபுணர்.

மூவரும் ஒரே நேரத்தில் புன்னகை செய்தார்கள். ஹேசல் மூன்று ஆப்பிள்களை மேசையில் வைத்தாள். நிபுணர் ஒன்றை வெட்டினார், முகர்ந்தார், விதையைத் தட்டிப் பார்த்தார், புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில் உதட்டைப் பிதுக்கினார்.

"நாலாவது ஒண்ணு இருந்தா உறுதியாச் சொல்லலாம்."

நாலாவது சமையலறை வாசலில் கிடந்தது. மூவரில் ஒருத்தருக்கும் அதைப் போய் எடுத்து வருகிற மனநிலை இல்லை.

*

வீம்புக்கு நேரம் போவது தெரியாது. தனக்கு வேண்டியதைத் தானே காலால் எட்டி உதைத்துவிட்டு, உதைத்த கால் வலிக்கிறதே என்று சுற்றினாள் ஹேசல். ஏரியைச் சுற்றினாள். குழந்தைகள் பூசணிக்காய் தேடுகிற காட்டுப்பாதையில் குறுக்கே போய் நான்கு பேரிடம் மன்னிப்புக் கேட்டாள். கீத் வாங்கி வந்த சூப்பை ஆறவிட்டுக் கொட்டினாள். கடைசியில் அந்த நீண்ட கூடத்திலேயே வந்து நின்றாள்.

அங்கே கிளெனிஸ் இருந்தாள். இந்தக் கூடம் அவளுடைய பொறுப்பு. ஹேசலைப் பார்த்ததும் சன்னலோர நாற்காலி ஒன்றின் மேலிருந்த முள்பூவை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க."

"உக்காரக் கூடாதே."

"முந்நூறு வருஷமா யாரும் உக்காராம அது மட்டும் என்ன கண்டுது? உக்காருங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

ஹேசல் உட்கார்ந்தாள். மாளிகைக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக.

"அவர நான் பறிச்சுக்கிட்டேன்னு கோபமா?" என்றாள் கிளெனிஸ்.

"கோபம்தான். யார் மேலன்னு தெரியல."

"எனக்குச் சமையல் வராது. சத்தியமா. அவர்தான் செஞ்சு போடறார். அதனால அவரப் பட்டினி போட்டுருவேனோன்னு நீங்க பயப்பட வேண்டாம்." கிளெனிஸ் முள்பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வரிசையில நடந்ததச் சொல்லி அழுதார். உங்க அப்பாவும் நீங்களும் ஒரே அச்சு. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தியாகம் பண்ணிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல நானும் அந்த எட்வினும் ரெண்டு வருஷமா குளிர்ல நிக்கறோம்."

ஹேசலுக்குச் சுருக்கென்றது. அப்பா, தான், தன் வீம்பு என்றே காலையிலிருந்து சுற்றியிருக்கிறாள். அந்த மனிதர் ஒரு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பாரே என்று ஒரு நிமிஷம் நினைத்தாளா?

எழுந்துவிட்டாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது இரண்டு நிமிஷம்கூட இராது.

"போகணும்" என்றாள்.

"போங்க" என்றாள் கிளெனிஸ். அவள் சொன்னபோது அந்த வார்த்தை வலிக்கவில்லை.

*

அவசரத்துக்கென்றே சேறு காத்திருக்கும். பின்சக்கரம் சுழன்று சுழன்று குழி பறித்தது. மஞ்சள் மேலங்கிப் பெரியவரும் வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். சாலைக்கு ஏறியதும்தான் கார் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மூன்று இருபது.

மூணு மணி வரைக்கும் என்றார். எட்வின் ஒன்று சொன்னால் சொன்னதுதான். போயிருப்பார்.

அதன் பிறகும் ஒரு மைல் ஓட்டினாள். கண்ணீரில் சாலை தெரியவில்லை. ஒதுக்குப்புறமாக நிறுத்தி, ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்து அழுதாள். இரண்டு வருஷத்து அழுகை, லேசில் முடியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வயலுக்கு அப்பால் மாதா கோயில் கோபுரம் தெரிந்தது. அதன் கடிகாரத்தில் மணி இரண்டு முப்பத்தைந்து.

நின்றுபோன கடிகாரம் என்று நினைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிய முள் ஒரு துள்ளு துள்ளி நகர்ந்தது.

கார் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தாறு.

காலையில்தான் இந்தக் கடிகாரத்தை நம்பி அசிங்கப்பட்டாள். அதே நாளில் மறுபடி நம்பி, கால் மணி நேரத்தை அழுது தொலைத்திருக்கிறாள். ஹேசல் தன்னையே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். வளைவில் ஒரு டிராக்டர் முன்னால் வந்து, பீட்ரூட் சிந்திக்கொண்டு ஊர்ந்தது. இருந்தும், மலையடிவாரத்து டீக்கடை முன்னால் அவள் நிறுத்தியபோது மூன்றாக ஐந்து நிமிஷம் பாக்கி இருந்தது.

வெளிப்பலகைகள் காலி.

எப்போதும் அவர்கள் உட்காரும் பலகையில் இரண்டு கோப்பைகள். ஒன்று காலி. இன்னொன்று விளிம்புவரை டீ, மேலே ஆடை கட்டியிருந்தது.

"ஒருத்தர் இருந்தாரே" என்றாள் ஹேசல், கடைக்காரியிடம். "உயரமா, பச்சைக் கோட்டு போட்டு."

"எட்வினா? போயிட்டாரேம்மா. ஒரு மணி நேரம் ஆச்சு."

"மூணு மணி வரைக்கும் இருக்கேன்னாரே. மணி இன்னும் மூணு ஆகலையே."

கடைக்காரி கையைத் துணியில் துடைத்தாள். அவள் முகம் மாறியது.

"காலைலேந்து உக்காந்திருந்தார். நொடிக்கொரு தடவை கைக்கடிகாரத்தப் பாத்தார். கடைசியில எழுந்து வந்து, 'மூணு ஆயிடுச்சு, இனி வர மாட்டா'ன்னார். இங்க கடைக் கடிகாரத்துல மணி ரெண்டுதான். அவர் திருப்பி வைக்கலைபோலன்னு எனக்குத் தோணுச்சு."

"தோணுச்சா? சொல்லலையா?"

"அடுத்தவங்க சொந்த விஷயம். நானா மூக்க நொழைச்சா நல்லாவா இருக்கும்?"

ஹேசலால் கோபப்பட முடியவில்லை. அப்பாவும் அப்படித்தான், கீத்தும் அப்படித்தான், அவளும் அப்படித்தான். நல்லாவா இருக்கும் என்று நினைத்து நினைத்தே எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

எட்வினின் கைபேசி அணைந்து இழுப்பறையில் கிடக்கும். எண்ணைக் கேட்டாலும் அவளுக்குத் தெரியாது. அது ஆப்பிள் கூழில் மூழ்கிப்போனது. ஆனால் எட்வினின் வண்டி கிழ வண்டி. நாற்பது மைல் வேகத்தைத் தாண்டினால் முனக ஆரம்பித்துவிடும். வழியில் எந்த வேலியைப் பார்த்தாலும் நிறுத்தி, யார் கட்டியது என்று ஆராயாமல் நகர மாட்டார். தீவுக்குப் படகு நாளைக் காலையில்தான்.

ஆறிப்போன டீயை எடுத்தாள். நின்றபடியே, ஆடையோடு, முழுக் கோப்பையும் குடித்தாள்.

"பர்காட் மாளிகைக்கு ஒரு போன் பண்ணுவீங்களா? நம்பர் அந்த ஆப்பிள் திருவிழா நோட்டீசுல இருக்கு. நார்மன் ப்ரோபர்ட்னு கேளுங்க."

"என்ன சொல்லணும்?"

"முட்டை ஃப்ரிட்ஜுல இருக்குன்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

கடைக்காரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நோட்டீசின் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

மலையடிவாரத்தை விட்டு ஒரு மைல் போனால் சாலை வட்டமாகச் சுற்றிப் பிரிகிறது. வடக்கே போக அங்கே இரண்டு வழி. ஒன்று மலைகளுக்கு நடுவே, ஒன்று நெடுஞ்சாலை. அவர் எதில் திரும்பினார் என்று கேட்க மறந்திருந்தாள். வட்டத்தை ஒரு முறை முழுசாகச் சுற்றினாள். இரண்டாவது முறையும் சுற்றினாள். மலைப்பாதையின் ஓரமெல்லாம் உயிர்வேலி. நெடுஞ்சாலையில் வெறும் இரும்புத் தடுப்பு. ஹேசல் வேலி இருந்த பக்கம் திருப்பினாள்.

கார் கடிகாரம் நான்கு பத்து என்றது. இந்தத் தடவை அவள் ஒரு மணியைக் கழிக்கவில்லை. எட்வினின் கைக்கடிகாரத்திலும் இப்போது அதே மணிதான்.